இல்லாத சைக்கிளும் இன்னொருவர் சைக்கிளும்

டெல்லியில் பழைய சைக்கிள் வாங்கலாம் என்று ஓஎல்எக்ஸையோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸையோ திறப்பவருக்கு இரண்டு விதமான பொய்கள் காத்திருக்கின்றன. முதல் பொய்யில் சைக்கிளே கிடையாது. படம் மட்டும் உண்டு. இரண்டாவதில் சைக்கிள் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கலாம், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையோடு வீட்டுக்கும் கொண்டு வரலாம். ஆனால் அது விற்கிறவருடையது இல்லை. ஏதோ ஓர் அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு அடியிலிருந்தோ மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலிருந்தோ இரண்டு நாளைக்கு முன்பு காணாமல் போனது.

வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளும் போலீஸ் வெளியிடும் விழிப்புணர்வு வீடியோக்களும் பெரும்பாலும் முதல் பொய்யைப் பற்றியே பேசுகின்றன. 'நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்' என்பது அவற்றின் சாரம். நல்ல அறிவுரைதான். ஆனால் திருட்டு சைக்கிளை விற்பவர் நேரில் வரச் சொல்லித்தான் விளம்பரமே போடுகிறார். அந்த அறிவுரையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர் அவரிடம் போய் மாட்டிக்கொள்ள முடியும். இரண்டு மோசடிகளுக்கும் குணம் வேறு, தடயம் வேறு, நட்டப்படுகிற ஆளும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது புரியும்.

முதல் வகையை 'ஃபௌஜி' விளம்பரம் என்று அழைப்போம். ஃபௌஜி என்றால் பட்டாளத்துக்காரர். விளம்பரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: பெயர் பெற்ற கம்பெனியின் கியர் சைக்கிள், எட்டு மாதம் ஓட்டியது, கீறல் இல்லை, விலை 4,500 ரூபாய், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டதால் அவசர விற்பனை. புதிதாக வாங்கினால் 20,000 ரூபாய்க்குக் குறையாத வண்டி அது. எண்ணைக் கேட்டுப் பேசினால் "ஜெய் ஹிந்த் சார்" என்று தொடங்குவார். டெல்லி கன்டோன்மென்டில் இருந்ததாகவும் ஜம்முவுக்கோ ஜெய்சல்மேருக்கோ மாற்றலாகிவிட்டதாகவும் சொல்வார். நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டால், கன்டோன்மென்டுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள் என்பார். கவலை வேண்டாம், பட்டாளத்துப் பார்சல் வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். கேட் பாஸுக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் அனுப்பினால் போதும்.

அனுப்பினால், வண்டியில் சைக்கிளை ஏற்றியாயிற்று என்று ரசீதுப் படம் வரும். பிறகு மீதிப் பணம். பிறகு ஜிஎஸ்டி. பிறகு, வண்டி உங்கள் ஏரியாவுக்கு வந்து நிற்கிறது, தாமதமானதால் அபராதம். ஒவ்வொரு முறையும் 'இது ரிஃபண்டபிள், சைக்கிளோடு கையில் திரும்பக் கொடுத்துவிடுவார்கள்' என்ற உறுதிமொழி கூடவே வரும். கொடுத்த முந்தைய பணத்தை மீட்பதற்காகவே அடுத்த பணத்தைக் கொடுக்க வைப்பதுதான் இதன் சூத்திரம். சைக்கிளின் விலையைவிட அதிகமாக இழந்த பிறகே பலர் நிறுத்துகிறார்கள்.

இந்தக் கதை டெல்லியில் ஏன் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது என்று யோசிக்க வேண்டும். இது மாற்றல்களின் நகரம். ஆர்.கே. புரத்தின் அரசுக் குடியிருப்புகளிலும் கன்டோன்மென்டைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்ஜும் கட்டிலும் பிள்ளைகளின் சைக்கிளும் கைமாறுவது வழக்கமான காட்சி. மாற்றலாகிப் போகிற குடும்பம் உண்மையிலேயே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுத்தான் போகும். மோசடிக்காரர் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. இந்த ஊரில் பொருளை விற்பதற்கு இருக்கும் மிகச் சாதாரணமான, மிக நேர்மையான காரணத்தையே எடுத்துக்கொள்கிறார். அதன்மேல் சீருடை மீது நமக்கு இருக்கும் மரியாதையைப் போர்த்துகிறார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கிற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் நாம். பட்டாளத்துக்காரர் பேச்சு மாற மாட்டார் என்பது பல தமிழ்க் குடும்பங்களில் ஊறிப்போன நம்பிக்கை. ஊருக்குப் புதிதாக வந்த, இந்தி அரைகுறையாகப் பேசும் மாணவர் ஒருவருக்கு அந்த நம்பிக்கையே பெரிய ஆறுதலாகவும் இருக்கிறது. அதைத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

இனி இரண்டாவது விளம்பரம். 'சைக்கிள் விற்பனைக்கு, நல்ல கண்டிஷன், 3,500 ரூபாய், நேரில் வரவும்.' அவ்வளவுதான். கதையே கிடையாது. படம் ஒன்றோ இரண்டோ இருக்கும். ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சுவரோரமாக எடுத்தது. கம்பெனியின் பெயரைக்கூடச் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். போன் செய்தால் சுருக்கமாகப் பேசுவார், பையன் பெரியவனாகிவிட்டான், சும்மா கிடக்கிறது என்பார். சந்திக்கும் இடம் வீடாக இருக்காது. ஏதாவது மெட்ரோ ஸ்டேஷனின் கேட் நம்பர் சொல்வார். 'இன்றைக்கே வந்தால் கொடுத்துவிடுகிறேன்.'

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் முதல் வேறுபாடு கண்ணில் படும். ஃபௌஜியின் படங்கள் மிக அழகானவை. வேறு யாரோ, வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில், தன் சைக்கிளை ஆசையாக எடுத்த படங்கள் அவை. சைக்கிளைப் பார்க்காமல் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். சுவரில் தெரியும் பிளக் பாயின்ட் நம் நாட்டு மூன்று துளை பாயின்ட்தானா? நடைபாதைக் கல், பின்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட், ஜன்னல் கம்பி இவையெல்லாம் டெல்லியைச் சேர்ந்தவையா? கோடையில் டெல்லி பால்கனியில் ஒரு வாரம் நின்ற சைக்கிளின் ஃபிரேமில் மண்தூசி படியாமல் இருக்காது. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அது வேறு எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். திருட்டு சைக்கிளின் படத்தில் இந்தச் சோதனை எதுவும் பலிக்காது. அது அசல் படம். நேற்று எடுத்தது. எங்கிருந்தும் திருடப்படாத படம், திருடப்பட்ட சைக்கிள்.

பேரம் பேசும் விதத்திலும் இருவரும் எதிரெதிர். ஃபௌஜி பேரமே பேசாமல் 4,500-லேயே நிற்பார். அல்லது நீங்கள் 4,000 என்றதும் மறுபேச்சில்லாமல் சரி என்பார். விலை அவருக்கு முக்கியமில்லை, முதல் தவணைதான் முக்கியம். திருட்டு சைக்கிளை விற்பவரோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இறங்கிக்கொண்டே வருவார். 3,500 என்றவர் உங்கள் மௌனத்தைப் பார்த்தே 2,800 என்பார், கிளம்பப் போனால் 2,000 என்பார். உண்மையான சொந்தக்காரர் இந்த இரண்டையும் செய்வதில்லை. அவருக்கு அந்த சைக்கிளோடு ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. "போன மாசம்தான் புது டயர் போட்டேன், அதுக்கே எழுநூறு ஆச்சு" என்று மனம் கசந்து பேசுவார். அந்தக் கசப்பு நல்ல அறிகுறி.

காகித விஷயத்துக்கு வருவோம். இரண்டு மோசடிகளும் மிகக் கூர்மையாகப் பிரிகிற இடம் இது.

ஃபௌஜி காகிதத்தால் உங்களை மூழ்கடிப்பார். நீங்கள் கேட்பதற்கு முன்பே இராணுவ அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, ஆதார், சீருடையில் குடும்பத்தோடு எடுத்த படம் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும். அந்த அட்டைகள் சில சமயம் உண்மையான வீரர்களுடையவை. அவர்களுக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பவை. நாலாயிரம் ரூபாய் சைக்கிளை விற்க யாராவது தன் அடையாள அட்டையை முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவார்களா? உண்மையான இராணுவ வீரர் கட்டாயம் அனுப்ப மாட்டார். அதனால் அந்த அட்டைகள் வந்து சேர்வதே எச்சரிக்கை. இன்னொரு முரண்பாட்டையும் கவனிக்கலாம். வீடியோ காலில் சைக்கிளைக் காட்டுங்கள், ஒரு தாளில் என் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதி சீட்டின் மேல் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால், முகாமுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பார். அதே முகாமிலிருந்துதான் பத்து படங்கள் அனுப்பியிருப்பார். இராணுவத்துக்கென்று தனி அஞ்சல் சேவை இருப்பது உண்மை. அது படைவீரர்களின் தபாலுக்கானது. பொதுமக்களுக்கு சைக்கிள் கொண்டு வந்து கொடுத்துப் பணம் வசூலிக்கிற சேவை இல்லை.

திருட்டு சைக்கிளோடு எந்தக் காகிதமும் வராது. ஆனால் சங்கடம் இங்கேதான் இருக்கிறது: நேர்மையான சைக்கிளோடும் எந்தக் காகிதமும் வராது. மோட்டார் பைக் என்றால் ஆர்.சி. இருக்கும், பதிவு எண்ணைப் போட்டால் எம்பரிவாகன் செயலியில் வண்டியின் விவரம் வந்து நிற்கும். சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. கரோல் பாக் பக்கத்து ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியவரிடம் 'கச்சா பில்' என்று இங்கே சொல்லும் துண்டுச்சீட்டு ஒன்று இருந்திருக்கும். ஜிஎஸ்டி போட்ட 'பக்கா பில்'லைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. வாங்கியவர்களிலும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு. ஆகவே பில் இல்லை என்பதால் மட்டும் ஒருவரைத் திருடன் என்று முடிவுகட்ட முடியாது. பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சைக்கிளிடமே கேட்க வேண்டும்.

அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்துங்கள். இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு ஓடுகிற உருளைக் குழாய் ஒன்று ஃபிரேமின் அடியில் இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலான கம்பெனிகள் ஃபிரேம் நம்பரை அடித்திருக்கும். சில வண்டிகளில் சீட் குழாயிலோ ஹேண்டில் குழாயின் முன்புறத்திலோ இருக்கும். சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் கலந்து குழியாகத் தெரியும். விற்கிறவருக்கு அப்படி ஒரு நம்பர் இருப்பதே தெரியவில்லையா? பயப்பட வேண்டாம், சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த இடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறதா, ஃபிரேம் முழுக்க ஒரு பெயின்டும் அங்கே மட்டும் ஸ்பிரே பெயின்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதோடு கிளம்பிவிடலாம். நேர்மையான கை எதுவும் அந்த நம்பரை அழிக்காது. அழிக்க வேண்டிய தேவையே வராது.

பிறகு சீட். சீட் கம்பியைப் பல மாதங்கள் ஒரே உயரத்தில் வைத்திருந்தால், கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் கீறலும் துருவுமாக வளையம் விழுந்திருக்கும். அந்த வளையம் உயரமான ஒருவரைக் காட்டும்போது, ஐந்தடி ஆள் 'நான்தான் தினமும் ஆபீஸுக்கு ஓட்டினேன்' என்று சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பது நியாயம். பூட்டு மாட்டும் பிராக்கெட் ஃபிரேமில் இருக்கிறதா, பூட்டு எங்கே? சாவி எங்கே? எந்தக் கியரில் செயின் தாவுகிறது? கடைசியாக டியூப் மாற்றியது முன்சக்கரத்திலா பின்சக்கரத்திலா? எந்தக் கடையில் சர்வீஸ் விடுவீர்கள்? இவற்றுக்கு ஆன்லைனில் விடை தேட முடியாது. ஓட்டியவருக்கு மட்டுமே தெரியும், அதுவும் யோசிக்காமலே தெரியும். அப்புறம் அந்தக் கணக்கில் வேறு என்னென்ன விற்பனைக்கு இருக்கின்றன என்று பாருங்கள். சிறுவர் சைக்கிள் ஒன்று, லேடீஸ் சைக்கிள் ஒன்று, ரேஸ் சைக்கிள் ஒன்று என்று அளவு சேராத வண்டிகள் வாரத்துக்கு வாரம் வந்தால், கடை வைத்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்கலாம். வைத்திருந்தால் இடத்தைச் சொல்வார்.

பழைய சைக்கிளை விற்கிற ஏழையை எல்லாம் சந்தேகிக்கும் பழக்கம் டெல்லியின் நடுத்தர வர்க்கத்துக்கு உண்டு. அது தவறு என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாக்களுக்கு அடுக்குமாடிகளிலிருந்து சைக்கிள்கள் முறையாகவே வருகின்றன. துரு ஏறிய வண்டியைப் பார்க்கிங்கிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லிக் குடியிருப்போர் சங்கங்களே கொடுத்துவிடுகின்றன. அவற்றைப் பழுது பார்த்து விற்பது கௌரவமான தொழில். ஊருக்குத் திரும்புகிற கூலித்தொழிலாளி தன் வண்டியை விற்பதும் இயல்பு. 2020 மே மாதம் பொதுமுடக்கத்தின்போது குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், அடிபட்ட அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு 15 வயதுச் சிறுமி மிதித்துப் போனாளே, அதுவும் செகண்ட் ஹேண்ட் சைக்கிள்தான். விற்பவரின் உடையையும் ஊரையும் பார்த்து முடிவு செய்பவர் ஃபௌஜியிடம் கட்டாயம் ஏமாறுவார், ஏனென்றால் அந்தக் குரல் மிகக் கண்ணியமான குரல். ஃபிரேமையும் சீட்டையும் பார்க்கிறவர் இரண்டு பேரிடமும் தப்பிக்கலாம்.

பணம் கைமாறும் விதத்தில் இருக்கும் எதிரெதிர்த் தன்மையே வாங்குகிறவருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. ஃபௌஜிக்கு யு.பி.ஐ. மட்டும்தான் வேண்டும், அதுவும் முன்கூட்டியே. திருட்டு சைக்கிளை விற்பவருக்கு ரொக்கம் மட்டும்தான் வேண்டும், யு.பி.ஐ.யில் அவர் பெயர் பதிந்துவிடும். ஆகவே சைக்கிளை நேரில் பார்த்த பிறகு, விற்பவரின் சொந்தக் கணக்குக்கு, யு.பி.ஐ.யில் கொடுப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். 'நேரில்' என்ற சொல்லில் முதலாமவர் காணாமல் போவார். 'சொந்தக் கணக்கு' என்ற சொல்லில் இரண்டாமவர் தயங்குவார். 2025 ஜூன் இறுதிக்குள் எல்லா யு.பி.ஐ. செயலிகளும் பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெயரை விற்பவர் தன் பெயராகச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபௌஜியின் அட்டையில் ஒரு பெயரும் பணம் போகும் கணக்கில் வேறு பெயரும் இருக்கும். கேட்டால் யூனிட் கணக்கர் பெயர் என்பார்.

இதே ஃபௌஜி வாங்குபவராகவும் வேடம் போடுவார் என்பதை விற்கிறவர்கள் மறக்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் அப்போதைய டெல்லி முதல்வரின் மகளே வாங்குபவராக வந்த ஒரு மோசடிக்காரரிடம் சிக்கினார். ஆன்லைனில் சோபா விற்க விளம்பரம் போட்டார். வாங்க வந்தவர் முதலில் சிறு தொகை அனுப்பி நம்பவைத்து, பிறகு கியூஆர் கோடு ஒன்றை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். பணம் வருவதற்குப் பதிலாக 34,000 ரூபாய் போனது. 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விளக்கக் கையேடும், தொலைதூரத்தில் பணியிலிருக்கும் பாதுகாப்புப் படையினர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் குறிப்பிட்டே எச்சரிக்கிறது. பணம் பெறுவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் போடவோ வேண்டியதில்லை. தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் வழி இன்னும் திறந்திருக்கிறது.

இருவரும் எங்கிருந்து வருகிறார்கள் என்பதிலும் வேற்றுமை உண்டு. ஃபௌஜி விளம்பரங்களின் தடம் பல வழக்குகளில் டெல்லிக்குத் தெற்கே, குருகிராமைத் தாண்டி, ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர் பகுதிகளுக்குப் போயிருக்கிறது. 2023 ஏப்ரல் இறுதியில் ஒரே இரவில் சுமார் 5,000 போலீசார் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் சோதனை நடத்தினார்கள். போலி ஆவணங்களில் வாங்கிய தொலைதூர மாநில சிம் கார்டுகளும் பிறர் பெயரிலான வங்கிக் கணக்குகளும் இந்தத் தொழிலின் மூலப்பொருள்கள். ஒருவர் விளம்பரம் போடுவார், ஒருவர் பேசுவார், ஒருவர் ஏடிஎம்மில் பணம் எடுப்பார். இது ஒரு சிறு தொழிற்சாலை. திருட்டு சைக்கிள் அப்படி இல்லை; பெரும்பாலும் உங்கள் பேட்டையிலிருந்து இரண்டு மூன்று பேட்டை தள்ளி, ஒருவரோ இருவரோ செய்வது.

சட்டமும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஃபௌஜியின் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் ஏமாற்றுதல். ஏழாண்டு வரை சிறை. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். புகார் கொடுக்க 1930 என்ற எண் இருக்கிறது. 2021-ல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு சுருங்கியது. பணம் போன சில நிமிடங்களில் அழைத்தால், அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அழைப்பவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விடுகிறது.

திருட்டு சைக்கிள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உரியவர் வந்து நின்றால் சைக்கிள் அவருடையதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினால் நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு வந்த இருபதாயிரம் ரூபாய் சைக்கிள் அப்படி நம்பக் காரணம் இல்லையா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். வாங்குபவர் இங்கே ஏமாந்தவராகவும் இருக்கலாம், பங்காளியாகவும் ஆகிவிடலாம். ஃபௌஜியிடம் பணம் இழந்தவருக்கு இப்படி ஓர் இக்கட்டு கிடையாது.

எனக்கு மனம் ஆறாத விஷயம் இனிமேல் சொல்வது. ஃபௌஜி மோசடியில் நட்டம் வாங்குபவருக்கு. திருட்டு சைக்கிளில் நட்டப்பட்டவர் அந்த விளம்பரத்திலேயே இல்லை. கியர் சைக்கிளை இழந்த மாணவராக இருக்கலாம். பெரும்பாலும் சாதாரண அட்லஸோ ஹீரோவோ ஓட்டி வேலைக்குப் போகும் வாட்ச்மேனாகவோ கொத்தனாராகவோ இருப்பார். சைக்கிள் போன மறுநாள் அவருக்கு வேலைக்குப் போக வழியில்லை. டெல்லி எல்லையில் உள்ள சாகிபாபாதில் அட்லஸ் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆண்டுதான் பொதுமுடக்கத்துக்குப் பிறகு சைக்கிளுக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறினால் திருட்டுக்கும் விலை கூடும்.

அந்த வாட்ச்மேன் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. சிறிய திருட்டுக்குச் சிறையில் போடாமல் இருப்பது மனிதாபிமானமான ஏற்பாடு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வகைத் திருட்டு, மாஜிஸ்டிரேட்டின் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாத குற்றங்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஹீரோ சைக்கிளின் சந்தை மதிப்பு 5,000-ஐத் தொடுமா? 80,000 ரூபாய் சைக்கிளைத் தொலைத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைக்கும், பிழைப்புக்கு சைக்கிளை நம்பியவர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் குடும்பங்களில் சுமார் 45 விழுக்காட்டினர் சைக்கிள் வைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி இந்த வரம்புக்குக் கீழேதான் வரும்.

சைக்கிளுக்கு ஒரு பதிவு இருந்தால் என்ன என்ற கேள்வி இங்கே எழாமல் போகாது. ஜப்பானில் 1994 முதல் சைக்கிள் வாங்குபவர் திருட்டுத் தடுப்புப் பதிவு செய்தாக வேண்டும். ஃபிரேமில் ஒட்டும் எண் போலீஸ் பதிவேட்டில் இருக்கும், கைமாறும்போது பெயரும் மாறும். தமிழ்நாட்டிலும் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் ஆண்டுதோறும் சைக்கிள் வரி வசூலித்து வில்லை கொடுத்த காலம் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த உலோக வில்லையும், அது இல்லாமல் பிடிபட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் நினைவிருக்கும். அது வரிக்காக வந்தது, திருட்டைத் தடுக்க அல்ல. ஏழைகளைத் தெருவில் நிறுத்தி மிரட்டவும் பயன்பட்டது. ஆகவே கட்டாயப் பதிவை டெல்லிக்குப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. பள்ளமும் மேம்பாலமுமாகக் கிடக்கும் சாலைகளில் மிதித்துப் போகிற தொழிலாளியிடம் ஒவ்வொரு பாரிகேடிலும் 'பர்ச்சி (சீட்டு) காட்டு' என்று கேட்கும் நிலை வந்துவிடக் கூடாது. ஆனால் விற்பனைத் தளங்கள் ஒன்று செய்யலாம்: சைக்கிள் விளம்பரம் போடும்போது ஃபிரேம் நம்பரின் படத்தைக் கட்டாயமாகக் கேட்கலாம். இல்லாத சைக்கிளுக்கு அந்தப் படத்தைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாது. திருட்டு சைக்கிளுக்குக் கொடுக்கத் துணிச்சல் வராது. கொடுத்தால், தொலைத்தவர் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி பிறக்கும். செலவில்லாத ஏற்பாடு. மோசடி வெவ்வேறானாலும் இரண்டும் இந்த ஒரு புள்ளியில் அடிபடும்.

அதுவரை நம் கையில் இருப்பது நம் சைக்கிள். அதை இன்று கவிழ்த்து நம்பரைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர் ஆகியோரின் சைக்கிளுக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை. பழையதை வாங்கும்போது, விற்றவரின் பெயர், ஃபிரேம் நம்பர், தேதி, தொகை ஆகியவற்றை வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாங்கிய பிறகு இது திருட்டு வண்டி என்று தெரியவந்தால், அந்தத் தாளையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் யு.பி.ஐ. ரசீதையும் எடுத்துக்கொண்டு சைக்கிளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பணம் திரும்பும் வாய்ப்பு குறைவு. வேறொருவருக்கு விற்றுக் கைகழுவிவிடலாம் என்று தோன்றும். அப்படி விற்றால் அடுத்த விளம்பரத்தைப் போடுகிறவர் நாமாகிவிடுவோம்.